இரண்டாவது வேலை

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரே அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி, ஈயத் தகடு பதித்த கனமான கதவுக்குப் பின்னால் ஏழு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தாள். எத்தனை முட்டி, எத்தனை முதுகு, எத்தனை நெஞ்சு பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. 'மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க' என்று அவள் தூக்கத்தில்கூடச் சொல்வதாக அவள் புருஷன் கேலி செய்வான்.

சம்பள விஷயத்தில் அவள் ரொம்ப வெள்ளந்தி. மாசக் கடைசியில் போனில் குறுஞ்செய்தி வரும். 2,850 என்று இருக்கும். அதைப் பார்ப்பாள், போனை அங்கியின் பையில் போட்டுக்கொள்வாள், அடுத்த நோயாளியைக் கூப்பிடுவாள். சம்பளச் சீட்டு என்று ஒன்று கணினியில் எங்கேயோ இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். அதைத் திறக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். அது முதல் வருஷமே மறந்துபோயிற்று.

அந்த மாதம் மருத்துவமனையில் ஏதோ மென்பொருளை மாற்றினார்கள். புதுசு சரியாக ஓடுகிற வரைக்கும் எல்லோருக்கும் சீட்டைக் காகிதத்திலேயே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து அறையில் ஸ்கேன் எடுக்கிற பெண் தன் சீட்டோடு ஓடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்பதிலிருந்து எல்லாம் இவளிடம் கற்றுக்கொண்டவள்.

"அக்கா, இதுல பிடித்தம் பிடித்தம்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கு. உங்களுக்கும் இப்படித்தானா?"

எக்ஸ்ரே அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கடைசி வரியில் கண் நின்றது. கைக்கு வருவது 2,995.

தன் சீட்டை உறையிலிருந்து உருவி எடுத்தாள். 2,850.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு காதுமடல் சுட்டது. எட்டு மாதக்காரிக்குத் தன்னைவிட நூற்று நாற்பத்தைந்து அதிகம். யாருக்கும் தெரியாமல் ஏழு வருஷம் முதுகில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். வெளியே பெஞ்சில் கை உடைந்த ஒருவர் காத்திருந்தார். அவரை முடித்து அனுப்பிவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல் நேராக மூன்றாவது மாடிக்குப் படியேறினாள்.

பணியாளர் பிரிவின் அதிகாரி அப்போது இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். இவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"நான் வேலை கத்துக்கொடுத்த பொண்ணுக்கு என்னைவிட அதிக சம்பளமா சார்? இது எந்த ஊர் நியாயம்? ஏழு வருஷம் இந்தக் கதிர்வீச்சுக்குப் பக்கத்துல நின்னதுக்கு இதுதான் மரியாதையா?"

அதிகாரி அவள் கையிலிருந்த சீட்டை வாங்கினார். கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார். அப்புறம் சீட்டைத் திருப்பி, மேல் வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"உங்க சம்பளம் 3,850. அந்தப் பொண்ணோடது 3,400தான் இருக்கும். நாங்க உங்களுக்குக் குறைக்கலையே. கீழ வரி பிடிச்சிருக்கு பாருங்க, 810. அதை எடுக்கறது அரசாங்கம். எங்களைக் கேட்டா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. சீட்டை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தவள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மறுபடி பார்த்தாள். அதிகாரி சொன்னது சரிதான். மொத்தம் 3,850. வருங்கால நிதிக்கு 190. வரிக்கு 810. அந்தப் பெண்ணுக்கு வரி எவ்வளவு? கீழே போய் அவள் சீட்டை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தாள். 235.

நானூற்று ஐம்பது அதிகம் சம்பாதிக்கிறவளுக்கு ஐந்நூற்று எழுபத்தைந்து அதிக வரியா? பள்ளிக்கூடத்தில் கணக்கில் சுமார்தான் அவள். ஆனாலும் இது எந்தக் கணக்கிலும் அடங்குகிற மாதிரி தெரியவில்லை.

கணக்குப் பிரிவில் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவருக்கு சீல் சார் என்று பெயர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் முத்திரையைக் குத்திவிட்டுப் பிறகுதான் படிப்பார். மெலிந்த ஆள், அதிர்ந்து பேசமாட்டார். மேசையில் பச்சை மைப் பேனா நாலைந்து எப்போதும் இருக்கும்.

"சிஸ்டம் போடுதும்மா," என்றார் முதல் நாள்.

"எதை வெச்சு சார் போடுது?"

"எல்லாம் சட்டப்படிதான் போடுது. இப்ப சம்பள வாரம். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனாள். தணிக்கைக்காரர்கள் வந்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் போனாள். சீல் சார் சாப்பிடப் போயிருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் கழித்து வந்தவர், இவளைப் பார்த்ததும் வாசலிலேயே பெருமூச்சு விட்டார்.

"சார், நான் போகப் போறதில்ல. எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. அந்தப் பொண்ணு சீட்டுல மூலையில 'மு'ன்னு போட்டிருக்கு. என் சீட்டுல 'இ'ன்னு போட்டிருக்கு. என்னது இது?"

"'மு'ன்னா முதல்."

"அப்ப 'இ'?"

"இரண்டாவது."

"எது இரண்டாவது?"

"வேலைதான். இது உங்களுக்கு இரண்டாவது வேலைன்னு அர்த்தம்."

"அப்ப முதல் வேலை எங்க இருக்கு?"

சீல் சார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க வேற எங்கயும் வேலை பாக்கறதில்லையா?"

"காலையில எட்டு மணிக்கு இங்க வந்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போறேன். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, ஒரு மாமனார். இதுல எங்க சார் வேற வேலை பாப்பேன்? சமையல் வேலையச் சொல்றீங்களா?"

அவர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். அவள் பெயர் எழுதிய கோப்பு அடியிலிருந்து வந்தது. வேலையில் சேர்ந்த நாளில் கொடுத்த வரி அறிவிப்புப் படிவம் அதில் இருந்தது. கீழே இருந்தது அவள் கையெழுத்துதான். அதில் சந்தேகமே இல்லை. மேலே ஏழாவது கேள்வி: 'இந்த நிறுவனத்தில் பெறும் சம்பளம்தான் உங்கள் ஒரே சம்பளமா?' பக்கத்தில் இரண்டு கட்டம். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. பச்சை மையில்.

அந்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு கத்தைக் காகிதத்தை முன்னால் வைத்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வேலை கிடைத்த சந்தோஷம். பதினோரு கையெழுத்துப் போட்டாள். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இந்த டிக் யார் போட்டது சார்?"

சீல் சார் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"நான்தாம்மா. அந்த வருஷம் புதுசா சேந்த எல்லாருக்கும் அப்படித்தான் போட்டேன்."

"ஏன் சார்?"

அவர் சேரில் சாய்ந்து, நிதானமாக, தெரியாதவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். ஒவ்வொருவருக்கும் வருஷ வருமானத்தில் முதலில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. அதற்கு மேலே வருவதற்குத்தான் வரி. முதலாளி அதை வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டு, பன்னிரண்டாக வகுத்து, மாசா மாசம் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவிட வேண்டும். ஆனால் ஒருவருக்கு இரண்டு வேலை இருந்தால், வரியில்லாத பகுதியை முதல் வேலையில் கழித்துவிடுவார்கள். இரண்டாவது வேலையில் முதல் காசிலிருந்தே வரி பிடிப்பார்கள். அப்படித்தான் இவளுக்குப் பிடித்திருக்கிறது, இல்லாத முதல் வேலையை இருப்பதாக வைத்துக்கொண்டு.

"ஒருத்தருக்குக் குறைவா பிடிச்சா எனக்கு நோட்டீஸ் வரும்மா. என் சம்பளத்துல அபராதம் போடுவாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஒரு டாக்டர் விஷயத்துல அப்படி வந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதிகமா பிடிச்சா ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. ஏழு வருஷத்துல நீங்கதான் முதல் ஆளு."

"கேக்கலைன்னா எடுத்துக்குவீங்களா?"

"நான் எங்கம்மா எடுத்தேன்? அது உங்க பேர்லதான் கட்டியிருக்கு. வருஷக் கடைசியில நீங்க கணக்குத் தாக்கல் பண்ணியிருந்தா அதிகப்படியா போனது திரும்ப வந்திருக்கும்."

"தாக்கலா? சம்பளத்துலயே பிடிச்சாச்சு, நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"சரியா பிடிச்சிருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றார் சீல் சார். அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. "உங்க சீட்டைக் காட்டுங்க சார்."

தயங்கினார். பிறகு இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். மூலையில் 'இ' என்று இருந்தது.

"உங்களுக்குமா?"

"மத்தவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு வெச்சா, தணிக்கையில கேப்பாங்கன்னு..."

"நீங்களாவது தாக்கல் பண்றீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்," என்றார்.

அவள் மூன்று வாரமாகச் சேர்த்துவைத்திருந்த கோபம் அத்தனைக்கும் கொட்ட இடமில்லாமல் போயிற்று. இந்த மனுஷனை என்ன திட்டுவது? தன் தலையிலும் மண்ணைப் போட்டுக்கொண்டு, அதைப் பாதுகாப்பு என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். புதுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு கேள்வியையும் படித்து, தன் கையாலேயே நிரப்பி, கடைசியில்தான் கையெழுத்துப் போட்டாள். அவர் அதன்மேல் முத்திரை குத்தி, இனிமேல் வரி 330தான் வரும் என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டாள். மாதம் நானூற்று எண்பது. வருஷத்துக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. அதற்குமேல் ஏழால் பெருக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவர்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. புருஷன் பஸ் ஓட்டுகிறவன். அன்றைக்குக் காலை முறை என்பதால் மாலையில் வீட்டில் இருந்தான். பெரிய மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், சின்னவள் அவள் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாமனார் முன்னறையில் தொலைக்காட்சியை அலறவிட்டிருந்தார். அவள் சமையல்கட்டில் நின்றபடியே நடந்ததை எல்லாம் புருஷனிடம் சொன்னாள். அவன் கோபப்படுவான், சீல் சாரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று துள்ளுவான் என்று எதிர்பார்த்தாள்.

அவனோ காய் நறுக்குகிற பலகையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தான்.

"அப்ப சரியா பிடிச்சிருந்தா உனக்குக் கையில எவ்வளவு வந்திருக்கும்?"

"மூவாயிரத்து முந்நூத்து முப்பது."

"ம்."

"என்ன ம்?"

"எங்க டிப்போவுல என்னோட ஓட்டுறவன் பொண்டாட்டியும் எக்ஸ்ரேதான், வேற ஆஸ்பத்திரியில. உன்ன மாதிரியே ஏழெட்டு வருஷம். அவங்களுக்கு மூவாயிரத்து முந்நூறு வருதுன்னு அவன் சொல்லுவான்."

"எப்ப சொன்னாரு?"

"ரெண்டு மூணு வருஷம் முன்னாடி."

"அப்பவே ஏன் எங்கிட்டச் சொல்லல? அப்பவே கேட்டிருந்தா அன்னைக்கே போய் விசாரிச்சிருப்பேன்ல?"

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "நீ மிச்சத்தை உங்க அம்மா வீட்டுக்குக் குடுக்கறேன்னு நினைச்சேன். பொண்ணு அம்மாவுக்குக் குடுக்கறதுல என்ன தப்பு, கேட்டா சங்கடப்படுவேன்னுதான் விட்டுட்டேன்."

அவன் அதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னான். முகத்தில் அது தெரிந்தது. அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. செலவு முழுவதையும் அண்ணன்தான் ஏற்றுக்கொண்டான். இவள் அறுநூறு கொடுத்தாள். அதற்குமேல் முடியவில்லை, உண்மையிலேயே முடியவில்லை. அண்ணி அந்த அறுநூறை வாங்கி, எண்ணிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, "புருஷன் வீட்டுக்குச் சேத்துவைக்கறவங்களுக்கு இதுவே பெரிசுதான்" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவளுக்கு முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை. இங்கே இவன், அம்மா வீட்டுக்கு ஒளித்துக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அங்கே அவர்கள், புகுந்த வீட்டுக்கு ஒளித்துச் சேர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பணம் இரண்டு பக்கமும் போகவில்லை. ஒரு பச்சை டிக் வழியாக எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

"எங்கம்மா நடக்க முடியாம கிடந்தப்ப எங்கிட்டப் பணம் இல்லைன்னு அழுதேன். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. அப்பவும் நான் ஒளிச்சு வெச்சிருக்கேன்னுதான் நினைச்சீங்களா?"

அவன் பலகையை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினான்.

"நான் திருடிதான்னு முடிவு பண்ணிட்டு, அதையும் மன்னிச்சுவிட்டிருக்கீங்க. ரொம்பப் பெரிய மனசு."

முன்னறையில் மாமனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவு நாளும் குறைக்காதவர்.

நாலு நாள் அவள் அவனோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், பிள்ளைகள் வழியாகச் செய்தி அனுப்புவாள். ஐந்தாம் நாள் காலையில் அவன் சீருடை போடாமல் நின்றான்.

"லீவு போட்டிருக்கேன். வரி ஆபீசுக்கு நானும் வர்றேன்," என்றான்.

"நீங்க எதுக்கு?"

"வரிசையில நிக்கறதுக்காவது ஆள் வேணும்ல."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கிய ஏழு வருஷச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல், படிவத்தின் நகல் என்று இரண்டு பை இருந்தது. ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

வரி அலுவலகம் ஆறு மாடிக் கட்டடம். முதல் ஜன்னலில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவம் இரண்டாவது மாடியில் கிடைக்கும். இரண்டாவது மாடியில், படிவம் தீர்ந்துவிட்டது, கீழே கடையில் நகல் கிடைக்கும் என்றார்கள். புருஷன் ஏறி இறங்கியதில் சட்டை நனைந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்பதாவது ஜன்னல் வந்தது. உள்ளே இருந்த பெண் அதிகாரி காகிதங்களைச் சீக்கிரமாகவே புரட்டினார். வேலை தெரிந்தவர் என்று அந்தப் புரட்டலிலேயே தெரிந்தது.

"நிறுவனம் தப்பா பிடிச்சிருக்கு. ஆனா பணம் எங்ககிட்ட உங்க பேர்லதான் இருக்கு. வருஷா வருஷம் தாக்கல் பண்ணுங்க, வந்துடும். கடைசி மூணு வருஷத்துக்குத்தான் முடியும்."

"மேடம், எனக்கு ஏழு வருஷம் பிடிச்சிருக்காங்க."

"தெரியுது. சட்டத்துல திரும்பக் கேக்கறதுக்கு மூணு வருஷம்தான் அவகாசம். அதுக்கு முந்தினது காலாவதி ஆயிடுச்சு."

"காலாவதின்னா? மருந்தா மேடம் அது? கெட்டுப்போறதுக்கு?"

அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இதே கேள்வியைப் பலமுறை கேட்டவர் முகம் அது.

"நான் உங்களை ஏமாத்தி வரி குறைவா கட்டியிருந்தா, எத்தனை வருஷம் பின்னாடி போய்த் தேடுவீங்க?" என்று கேட்டாள் எக்ஸ்ரே அக்கா.

"அதுக்குப் பத்து வருஷம்."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். நாலு நாளுக்கு அப்புறம் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவன் பையைக் கெட்டியாக அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று தவித்து நின்றான். "அது எப்படிங்க மேடம்," என்று மட்டும் சொன்னான். அதிகாரி அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்.

வெளியே படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். நாலு வருஷம், ஏறத்தாழ இருபத்து மூவாயிரம், போனது போனதுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அப்படி உலுக்குவதற்கு ஆள்தான் அகப்படவில்லை. சட்டத்துக்குச் சட்டைக்காலர் கிடையாது. சீல் சாரின் காலரைப் பிடித்தால் அவரே பாவமாக இருக்கிறார்.

"நான் அன்னைக்கே உங்கிட்டக் கேட்டிருக்கணும்," என்றான் புருஷன். "கேட்டிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் தப்பிச்சிருக்கும்."

"பணத்துக்காக மட்டும்தான் கேட்டிருக்கணுமா?"

"இல்ல." தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, "இல்ல," என்று மறுபடி சொன்னான்.

அவள் அதை அப்போதைக்கு ஏற்றுக்கொண்டாள். முழுசாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

மருத்துவமனையில் விஷயம் பரவிவிட்டது. ஸ்கேன் பெண்தான் பரப்பினாள். எக்ஸ்ரே அக்கா சேர்ந்த வருஷத்தில் சேர்ந்தவர்களில் இன்னும் வேலையில் இருந்தவர்கள் முப்பத்தோரு பேர். நர்சுகள், துப்புரவுப் பணியாளர்கள், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் மூலையில் 'இ' இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மதியத்தில் எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளோடு சேர்ந்து சீட்டும் கையுமாக ஊழியர்களும் நின்றார்கள். அவளுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஒவ்வொருவருக்கும் அதே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவ்வளவும் சொன்ன பிறகு, "எதுக்குக்கா வம்பு, வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது" என்று பாதிப் பேர் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போனார்கள்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை வந்தது. வரி அறிவிப்புப் படிவத்தில் உள்ள விவரங்களுக்கு ஊழியர்களே முழுப் பொறுப்பு, நிறுவனம் பொறுப்பல்ல, படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டுத் தரவும். பணியாளர் பிரிவிலிருந்து வந்த பியூன், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினார். "எல்லாரும் போட்டாச்சுக்கா, நீங்க மட்டும்தான் பாக்கி." அவள் கையெழுத்துப் போடவில்லை. 'படித்தேன், ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதி அனுப்பினாள். அதற்கு இன்று வரைக்கும் பதில் இல்லை.

அடுத்த மாதம் 3,330 வந்தது. அதன்பின் மூன்று மாதத்தில், அவள் தாக்கல் செய்த மூன்று வருஷத்தில் இரண்டு வருஷத்துப் பணம் திரும்பி வந்தது. வந்த அன்றைக்கே புருஷன், "வா, உங்க அம்மாவைப் பாத்துட்டு வரலாம்," என்றான்.

அண்ணன் வீட்டில் அம்மா கைத்தடியோடு நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இவள் நாலாயிரத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். அண்ணியிடம் முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள்: படிவம், டிக், இரண்டாவது வேலை, மூன்று வருஷ அவகாசம். புருஷனும் இடையிடையே, "ஆமாம்மா, நானும் போயிருந்தேன்," என்று சாட்சி சொன்னான். அண்ணி கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கடைசியில் எழுந்து டம்ளர்களை எடுத்தாள்.

"சரி விடு. இப்பவாவது குடுக்கத் தோணுச்சே."

எக்ஸ்ரே அக்காவுக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லலாமா என்று இருந்தது. அம்மா அவள் கையை அழுத்திப் பிடித்தாள். அம்மாவுக்காவது புரிந்ததா, இல்லை சண்டை வேண்டாம் என்றுதான் பிடித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. போனதில் எது சட்டப்படி திரும்பி வரும், எது வராது என்று ஜன்னலில் கேட்டால் சொல்கிறார்கள். இந்த வீட்டில் யாரைக் கேட்பது?

மூன்றாவது வருஷப் பணம், மூன்றில் பழையது, வரவில்லை. சரிபார்ப்பில் இருக்கிறது என்றார்கள். ஐந்து மாதம் சரிபார்த்தார்கள். ஒரு நாள் மதியம் போனில் செய்தி வந்தது. வர வேண்டியது 5,760. வந்தது 4,910. ஸ்கேன் பெண்ணிடம் அரை நாள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நேராக வரி அலுவலகம் போனாள்.

ஒன்பதாவது ஜன்னலில் இந்தத் தடவை வேறு ஆள், இளைஞர்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல தாமதமா தாக்கல் பண்ணினதுக்கு அபராதம் மேடம். எண்ணூத்து ஐம்பது. கழிச்சுட்டு மிச்சத்தை அனுப்பியிருக்காங்க."

"என் பணத்தை நீங்க அதிகமா வாங்கி வெச்சிருந்தீங்க. அதை நான் லேட்டா கேட்டதுக்கு எனக்கு அபராதமா?"

"விதி அப்படித்தான் மேடம்."

"எந்த விதி?"

"அது... விதிப் புத்தகத்துல இருக்கு."

"எடுங்க, காத்திருக்கேன்."

அவர் எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அபராத விதி அதில் இருந்தது. எக்ஸ்ரே அக்கா அதை ஜன்னல் வழியாகவே வாசித்துப் பார்த்தாள். நீளமான வாக்கியம், மூச்சு வாங்கும்போல இருந்தது.

"இதுல 'வரி பாக்கி உள்ளவர்'னு போட்டிருக்கே. எனக்கு என்ன பாக்கி இருந்துச்சு?"

இளைஞர் குனிந்து தானும் படித்தார். நெற்றியைத் தடவினார். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர், "எவ்வளவு நேரம்மா, நாங்களும் நிக்கறோம்ல," என்றார். அவள் திரும்பி அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். "உங்களுக்கும் இதே அபராதம்தான் போட்டிருக்காங்களா ஐயா? அப்ப கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

பெரியவர் தன் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"மேலதிகாரியைக் கேக்கணும் மேடம்," என்றார் இளைஞர். "ஆறாவது மாடி. இன்னைக்கு இருக்காரான்னு தெரியல."

"போன் பண்ணிப் பாருங்க. இல்லைன்னா எழுத்துல குடுங்க, இந்த விதி எனக்குப் பொருந்துதா இல்லையான்னு. ஒண்ணொண்ணா, வரி வரியா. எனக்குப் புரியற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்."

அவர் தொலைபேசியை எடுத்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து ஜன்னல் பலகையில் வைத்து, அவர் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளத் தயாராக நின்றாள்.